எந்த மாத்திரை, எப்போது சாப்பிட்டார்?

பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக அமெரிக்கா வரும் அம்மா அப்பாக்களின் பெட்டியில் ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு இவற்றுக்கு அடுத்தபடியாகத் தவறாமல் இருப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மாத்திரைகள். ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டுத் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மொத்தமாக வாங்கி, அட்டை அட்டையாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார்கள். எது எதற்கு என்று கேட்டால், "இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இதயத்துக்கு, அந்த மஞ்சள் பிரஷருக்கு" என்று பதில் வரும். சாதாரண நாட்களில் இந்தப் பதிலே போதும். ஓர் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போகும் நிலை வந்தால் போதாது. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை இரத்தம் உறையாமல் தடுக்கிற வகையாக இருந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையில் எடுக்கப்படும் முடிவுகளில் பாதி அதன் பெயரைச் சுற்றித்தான் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்பதே இக்கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன்; படித்தது மின்னியல் பொறியியலில் முதுகலை. என் அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அவர் முதல்முறை இங்கே வர விசா கிடைத்ததும், பயணக் காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்து, அங்கிருந்து இந்த விஷயத்துக்குள் விழுந்தேன். மனைவியின் தோழி ஒருவர் இங்குள்ள பெரிய மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறார். என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர் அவர். (பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.) இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அது உங்கள் மருத்துவரின் வேலை.

செத்துப்போன மாடுகள்

இரத்தம் உறைவது நல்ல விஷயம். உறையாவிட்டால் முகம் மழிக்கும்போது பட்ட கீறலிலேயே ஆள் போய்விடுவார். ஆனால் உடம்புக்குள், உறையக்கூடாத இடத்தில் உறைந்தால் ஆபத்து. உலோக வால்வின் விளிம்பில் சின்னக் கட்டியாக உறையலாம். இதயத்தின் மேலறைகள் தாளம் தவறித் துடிக்கும்போது அங்கே தேங்கி நிற்கும் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைத் தடுக்கவே உறைதல் எதிர்ப்பு மாத்திரைகள்.

இவற்றின் கதை மாட்டுக் கொட்டிலில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவின் பண்ணைகளில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் கொம்பு சீவியதற்கெல்லாம் இரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த மாட்டையும் பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கதவு திறந்திருந்த ஆய்வுக்கூடம் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளருடையது. அவருடைய குழு பல வருடங்கள் உழைத்து அந்தத் தீவனத்திலிருந்து டைகுமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் தம்பியாகப் பிறந்ததுதான் வார்ஃபரின். ஆய்வுக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளே பெயரின் முற்பாதி. 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டு, 1955இல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கே கொடுக்கப்பட்டது. எலி மருந்து என்ற பெயர் இன்னும் போகவில்லை. என் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னது அவ்வளவு நல்ல யோசனையாக இருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வார்ஃபரினின் நெருங்கிய உறவு அசினோகுமரால். இந்தியாவில் 'அசிட்ரோம்' என்ற பெயரில் பரவலாக எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் இது விற்பனையிலேயே இல்லை. இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு வரும்.

இரண்டும் செய்வது ஒன்றே. நம் கல்லீரல் இரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தயாரிக்கிறது. அவற்றில் நான்கு (எண் 2, 7, 9, 10) வேலைக்கு லாயக்காக வேண்டுமென்றால் வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கேவை உடம்பு ஒரு நொதியின் உதவியால் புதுப்பித்து மறுபடி உபயோகிக்கிறது. காலி சிலிண்டரைக் கொடுத்து நிரப்பி வாங்குவது போல. இந்த மாத்திரை அந்த நிரப்பும் இடத்தைப் பூட்டிவிடுகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களை அது தொடுவதில்லை. அவை தாமாகத் தேய்ந்து தீரவேண்டும். ஏழாம் காரணி பாதியாகக் குறைய சுமார் 6 மணி நேரம். இரண்டாம் காரணிக்கு 60 மணி நேரம்போல ஆகும். எனவே இன்று மாத்திரையைக் கூட்டினால் பலன் முழுதாகத் தெரிவது சில நாள் கழித்து.

கட்டுப்பாட்டியல் படித்தவர்களுக்கு இது பழகிய தலைவலி. கைப்பிடியைத் திருப்பியதற்கும் விளைவு தெரிவதற்கும் இடையே தாமதம் உள்ள எந்த அமைப்பையும் நிலையாக ஓட்டுவது கஷ்டம். பழைய லாட்ஜின் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குப் புரியும். இங்கே குழாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு மூன்று நாள். போதாக்குறைக்கு, கீரை நிறையச் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும். தினமும் கீரை சாப்பிட்டுப் பழகியவர் இங்கே வந்து பிரெட்டும் தயிர்சாதமுமாக இருந்தால் வேகம் கூடும். சில கிருமிக்கொல்லி மருந்துகளும் கூட்டிவிடும். இதையெல்லாம் கண்காணிக்க ஐ.என்.ஆர். என்ற அளவு இருக்கிறது. மாத்திரை சாப்பிடாதவருக்கு ஏறத்தாழ 1. மேலறைத் தாளக்கோளாறு உள்ளவர்களுக்கு 2 முதல் 3 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார்கள். மைட்ரல் வால்வு இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை.

இவ்வளவு தொல்லை பிடித்த மருந்தை ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்கலாம். புதிய மாத்திரைகள் வந்துவிட்டன, அவற்றைப் பிறகு பார்ப்போம். ஆனால் உலோக வால்வுக்காரர்களிடம் டபிகட்ரான் என்ற புதிய மருந்தைச் சோதித்தபோது கட்டிகளும் கூடின, இரத்தப்போக்கும் கூடியது. 2013இல் வெளிவந்த அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, தாளமும் தவறியவர்களிடம் ரிவராக்சபானைச் சோதித்த ஆய்வு 2022இல் வந்தது. இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு அது. பழைய வகை மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவு என்று தெரிந்தது. சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதயம் கெட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆக, அம்மாக்களின் டப்பாவில் இந்தப் பழைய மாத்திரை இன்னும் பல காலம் இருக்கும்.

அந்த ஒரு மணி நேரம்

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 68, எடை 60 கிலோ, மைட்ரல் இடத்தில் உலோக வால்வு, தினமும் இரவு அசிட்ரோம். விழுந்த ஒன்றரை மணி நேரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட்டார். தலை வலிக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. சி.டி. ஸ்கேனில் மூளைக்குள் இரத்தக் கசிவு தெரிகிறது.

மூளைக்குள் கசியும் இரத்தம் முதல் சில மணி நேரத்தில் பெருகிக்கொண்டே போகும் தன்மை உடையது. மண்டையோடு பலூன் அல்ல, விரிந்து கொடுக்காது. எனவே கசிவை நிறுத்துவதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஆனால் இவர் உடம்பில் இரத்தம் உறையாது. நாம்தான் உறையாமல் செய்து வைத்திருக்கிறோம். மாத்திரையை முறிக்க வேண்டும். எதைக் கொண்டு முறிப்பது என்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. ஒரு வகைக்கான முறிவு மருந்து இன்னொரு வகைக்கு ஒன்றும் செய்யாது.

இங்கேதான் மருந்தாளுநர் வருகிறார். நம் ஊரில் மருந்தாளுநர் என்றால் சீட்டைப் பார்த்து அட்டையை எடுத்துக் கொடுப்பவர் என்ற எண்ணம் உண்டு. இங்குள்ள பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் மருத்துவருக்குப் பக்கத்திலேயே ஒரு மருந்தாளுநர் நிற்கிறார். மருத்துவர் மூச்சுக்குழாயையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் மகனைத் தனியே அழைத்துக்கொண்டு போய்க் கேட்பது இரண்டே கேள்விகள். என்ன மாத்திரை? கடைசியாக எப்போது?

மகன் அட்டையைக் காட்டுகிறார். 'அசிட்ரோம்' என்ற பெயரை மருத்துவமனைக் கணினியில் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். இந்த நாட்டில் விற்காத மருந்து அது. பெட்டியில் பொடி எழுத்தில் அசினோகுமரால் என்று இருப்பதைப் பார்த்தவுடன், இது வார்ஃபரினின் உறவு, அதே சிகிச்சைதான் என்று மருந்தாளுநருக்குத் தெரியும். அட்டையை ஓரத்தில் கத்தரித்திருந்தால் அந்தப் பொடி எழுத்தும் இராது. தோழி சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் திகைக்க வைத்தது. ஒரே வணிகப் பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு வெவ்வேறு மருந்தாக இருக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. 'டைலகார்' என்பது அமெரிக்காவில் டில்டியசெம், செர்பியாவில் டிகாக்சின். இரண்டும் இதய மருந்துகள், வேலை வேறு, அளவு வேறு. மென்பொருள்காரர்கள் பெயர்வெளி மோதல் என்று ஒன்றைச் சொல்வோம். அங்கே நிரல் நின்றுபோகும், அவ்வளவுதான்.

சரி, வார்ஃபரின் வகை என்று தெரிந்துவிட்டது. ஐ.என்.ஆர். 3.4. இப்போது என்ன கொடுப்பது?

முதலில் தோன்றுவது வைட்டமின் கே. காலி சிலிண்டர்தான் பிரச்சினை என்றால் நிரம்பிய சிலிண்டரை இறக்கிவிடலாம் அல்லவா? விலையும் மலிவு. 10 மில்லிகிராமைச் சிறிதளவு உப்புநீரில் கலந்து 20, 30 நிமிடங்களில் மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு நேரடியாகக் குத்தினால் கடுமையான ஒவ்வாமை போன்ற விளைவு வரக்கூடும் என்பதால்தான் இந்த நிதானம். ஆனால் வைட்டமின் வந்தபிறகு கல்லீரல் புதிதாகப் புரதம் தயாரித்தாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். மூளை அதுவரை காத்திருக்காது.

ஆகவே தயாராக உள்ள உறைதல் காரணிகளை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பல காலமாக இதற்குப் பயன்பட்டது, தானம் பெற்ற இரத்தத்திலிருந்து பிரித்து உறைநிலையில் வைத்த பிளாஸ்மா. (உறைதல் என்ற சொல்லை நாம் பனிக்கட்டிக்கும் இரத்தத்துக்கும் ஒன்றாகவே வைத்திருப்பது இந்த இடத்தில் கொஞ்சம் இடைஞ்சல்.) கிலோவுக்கு 15 மில்லிலிட்டர் என்றால் 60 கிலோவுக்கு 900 மில்லிலிட்டர். இரத்த வகை பார்க்கவேண்டும். வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்கவே 20, 30 நிமிடம். அதற்குப்பின் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் திரவத்தை, வால்வு கெட்ட இதயம் உள்ளவருக்கு அவசரமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் வேறு.

இதற்கு மாற்று, அந்தக் காரணிகளை மட்டும் பிரித்துச் செறிவாக்கிப் பொடியாக்கிய மருந்து. சுருக்கமாகப் பி.சி.சி. என்கிறார்கள். நான்கு காரணிகளும் உள்ள வகைக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. இரத்த வகை பார்க்கவேண்டியதில்லை, இளக்கவேண்டியதில்லை. நம் 60 கிலோ அம்மாவுக்குக் கிலோவுக்கு 25 யூனிட் வீதம் 1500 யூனிட். மில்லிலிட்டருக்கு 25 யூனிட் என்பதால் மொத்தம் 60 மில்லிலிட்டர். அனுமதிக்கப்பட்ட வேகத்தில் ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 900 எங்கே, 60 எங்கே! ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மூளைக் கசிவு உள்ளவர்களிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் ஐ.என்.ஆர். 1.2க்கு இறங்கியவர்கள் பிளாஸ்மா கொடுத்த 23 பேரில் 2 பேர், பி.சி.சி. கொடுத்த 27 பேரில் 18 பேர். சின்ன ஆய்வுதான், ஆனால் பாதியிலேயே நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம்.

இந்தப் பொடி மருந்தில் பொறியாளர்களுக்குப் பிடிக்காத சங்கதிகள் சில உண்டு. 500 யூனிட் என்று பெயரிட்ட குப்பியில் சரியாக 500 இருக்காது. சுமார் 400 முதல் 600 வரை ஏதோ ஓர் எண். உண்மையான அளவு பெட்டியில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்துக் கூட்டி, கேட்ட அளவுக்கு நெருக்கமாக எத்தனை குப்பி கரைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஐ.என்.ஆர். 4ஐத் தொட்டால் கிலோவுக்கு 35 யூனிட், 6ஐத் தாண்டினால் 50. அடுத்தது எடை. அமெரிக்காவில் எடையைப் பவுண்டில் சொல்லும் பழக்கம். மகன் 132 என்று சொல்லி, அதை யாராவது கிலோ என்று கணினியில் பதிந்துவிட்டால்? 100 கிலோவுக்கு மேல் அளவு கூட்டக்கூடாது என்ற உச்சவரம்பு காப்பாற்றினாலும், 1500க்குப் பதில் 2500 யூனிட் போய்விடும். 1999இல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று பவுண்டு, நியூட்டன் குழப்பத்தில் அழிந்தது நினைவிருக்கலாம். மருத்துவமனைகளில் எடையைக் கிலோவில் மட்டுமே எடுக்கவேண்டும், கிலோவில் மட்டுமே பதியவேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆயிரம் யூனிட் அதிகம் போனால் என்ன, கசிவு சீக்கிரம் நிற்குமே என்று தோன்றும். அதுதான் இந்த முடிவின் கொடுமை. இரத்தத்தை உறையவைக்கும் மருந்து மூளைக்குள் மட்டும் வேலை செய்வதில்லை. எந்த உலோக வால்வில் கட்டி பிடிக்கக்கூடாது என்று இத்தனை வருடம் மாத்திரை கொடுத்தார்களோ, அந்த வால்வுக்கும் அதே இரத்தம்தான் போகிறது. நரம்பிலும் தமனியிலும் கட்டிகள் வரலாம் என்ற எச்சரிக்கை அந்த மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டி முதலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் கசிவு, மறுபக்கம் கட்டி. உயிருக்கு ஆபத்தான கசிவு என்பதால் முறித்தே ஆகவேண்டும் என்றுதான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் தேவையான அளவுக்கு மேல் ஒரு யூனிட் கூடக் கொடுக்காமல்.

இன்னொரு பொறியும் உண்டு. இங்கே விற்கும் பி.சி.சி. குப்பியில் சிறிதளவு ஹெப்பாரின் கலந்திருக்கிறது. ஹெப்பாரினால் தட்டணுக்கள் குறைந்துபோகும் விநோதமான எதிர்விளைவு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது. வால்வு அறுவை நடந்தவர்கள் எல்லாரும் அறுவையின்போது ஹெப்பாரின் பெற்றவர்கள்தாம். "ஆபரேஷன் சமயத்தில் ஏதோ ஊசி ஒத்துக்கலைன்னு நிறுத்தினாங்க" என்று அப்பா என்றோ சொன்னது ஞாபகம் வந்தால், அதை மருந்தாளுநரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பி.சி.சி. கொடுத்துவிட்டோமே, வைட்டமின் கே எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. வெளியிலிருந்து வந்த ஏழாம் காரணியும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கல்லீரல் தன் உற்பத்தியைத் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஐ.என்.ஆர். மறுபடி ஏறிவிடும். பி.சி.சி. கைமாற்று, வைட்டமின் கே சம்பளம்.

பெயர் வேறாக இருந்தால்

அதே அம்மா வால்வுக்காக அல்லாமல் தாளக்கோளாறுக்காக அபிக்சபானோ ரிவராக்சபானோ சாப்பிடுபவராக இருந்தால் மேலே சொன்னதில் பெரும்பகுதி செல்லாது. இவை பத்தாம் காரணியை நேரடியாகப் பிடித்துக்கொள்பவை. பெயரிலேயே இருக்கிறது: பத்தைக் குறிக்கும் ரோமன் எழுத்து, பிறகு தடை. (பெயர் சூட்டும் விதி என்றால் இப்படி இருக்கவேண்டும், எங்கள் அலுவலகத்துக்கு வந்து யாராவது சொன்னால் தேவலை.) வைட்டமின் கே இவற்றுக்கு உதவாது. ஐ.என்.ஆர். கிட்டத்தட்டச் சாதாரணமாகவே இருக்கலாம். அதைப் பார்த்து மருந்து இல்லை என்று முடிவு கட்டினால் ஆபத்து. இங்கே இரண்டாவது கேள்விக்கு, எப்போது சாப்பிட்டார் என்பதற்கு, மதிப்பு கூடிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்கியிருந்தால், நோயாளி சுயநினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், வயிற்றில் உள்ளதை உறிஞ்சக் கரித்தூள் கொடுப்பார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் இரண்டு நாள் முன்பு கடைசியாகச் சாப்பிட்டிருந்தால் முறிவு மருந்தே தேவைப்படாமல் போகலாம். "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன்பா" என்ற ஒரு வாக்கியம் பல ஆயிரம் டாலர் பெறும்.

டபிகட்ரான் என்றால் கதை எளிது. அதற்கென்றே செய்த எதிர்ப்பான் துண்டு ஒன்று 2015இல் வந்தது. இரண்டரை கிராம் குப்பி இரண்டு, எல்லோருக்கும் ஒரே அளவு, எடை கேட்கவேண்டாம். சில நிமிடங்களில் மருந்தை அப்படியே கட்டிப்பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது.

'சபான்'களுக்கும் அப்படி ஒன்று வந்தது. ஆண்டெக்சனெட் என்று பெயர். பத்தாம் காரணி மாதிரியே தோற்றமளிக்கும் போலிப் புரதம்; மாத்திரை ஏமாந்துபோய் அதைப் பிடித்துக்கொள்ளும். கேட்கவே அழகாக இருக்கிறது இல்லையா? 2018இல் அனுமதி. பல்லாயிரம் டாலர் விலை. 2024இல் வெளியான ஆய்வில், இதைக் கொடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கசிவு கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 53 சதவீதம். அதே ஆய்வில், கட்டி பிடித்து ஏற்படும் பக்கவாதம் 1.5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்கேன் படத்தில் அழகாக இருந்தது, ஆளின் கணக்கில் அவ்வளவு மிச்சமில்லை. 2025 டிசம்பரோடு அமெரிக்காவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. பல மருத்துவமனைகள் ஏற்கெனவே செய்துவந்ததுபோல், சரியான முறிவு அல்ல என்று தெரிந்தும், பி.சி.சி.யையே சபான்களுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வகைக்கு என்ன முறிவு? அவை தட்டணுக்களை முடக்குபவை. புதுத் தட்டணுக்களை ஏற்றினால் சரியாகிவிடும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய தர்க்கம். 2016இல் 190 பேரிடம் சோதித்தார்கள். தானாக ஏற்பட்ட மூளைக் கசிவில், தட்டணு ஏற்றப்பட்டவர்களுக்கு நிலைமை இன்னும் மோசமானது. என் துறையில் தர்க்கம் சரியாக இருந்தால் நிரல் ஓடும். உடம்பில் அப்படி இல்லை என்பதை நான் ஜீரணிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

பக்கத்தில் நிற்பவர்

இத்தனை கிளைகளையும் ஒரு மென்பொருளில் போட்டுவிடலாமே என்பது இயல்பாக எனக்கு வந்த எண்ணம். போட்டுத்தான் இருக்கிறார்கள். அளவைக் கணக்கிட்டுத் தரும் படிவங்களும், ஒவ்வாத மருந்துகளுக்கு எச்சரிக்கைகளும் உண்டு. சிக்கல் என்னவென்றால், நாள் முழுக்க எச்சரிக்கைப் பெட்டி வந்துகொண்டே இருந்தால் மனிதர்கள் படிக்காமலே 'சரி'யை அழுத்துவார்கள். நீங்களும் நானும் செய்வதுதானே? தவிர, அட்டையைத் திருப்பிப் பார்த்து, "உங்கள் அம்மா இதை அரை மாத்திரையாக உடைத்துச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்கும் மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செய்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. மருத்துவர்கள் காலையில் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது ஒரு மூத்த மருந்தாளுநரையும் உடன் அனுப்பினார்கள், அவ்வளவுதான். மருந்து எழுதுவதில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 1000 நோயாளி-நாட்களுக்கு 10.4 என்பதிலிருந்து 3.5 ஆகக் குறைந்தன. மூன்றில் இரண்டு பங்கு! அவர் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புது இயந்திரமோ புது மருந்தோ இல்லை. பக்கத்தில் ஒருவர், அவருக்குக் கணக்கைச் சந்தேகிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இந்தியாவிலும் 2008இல் ஆறு வருட பார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தார்கள். அதைப் படித்தவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்தும் மருத்துவமனைகள் பெருகவேண்டும் என்பது என் ஆசை.

விலை உயர்ந்த மருந்துகள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஓரளவு விடை இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் உட்பட 10 நாடுகளில், 7000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. மூளைக் கசிவோடு வந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், ஐ.என்.ஆர். நான்கையும் தள்ளிப்போடாமல் உடனடியாகக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அழுத்தத்துக்கும் ஐ.என்.ஆருக்கும் இலக்கு ஒரே மணி நேரம். ஊனத்தோடு வாழ்வதும் இறப்பதும் குறைந்தன. பெரும்பாலும் பழைய மருந்துகள். அவற்றை வரிசையாக, வேகமாகக் கொடுத்ததுதான் புதுமை.

நான் செய்தது ஒரு சின்ன வேலை. அம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றின் வேதிப் பெயரையும், அளவையும், எந்த வேளை என்பதையும், எடையைக் கிலோவிலும், கடைசி ஐ.என்.ஆரைத் தேதியோடும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று குளிர்பதனப் பெட்டியின் கதவில். இன்னொன்று அவர் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு. அட்டையை ஓரம் வெட்டாமல் முழுதாகவே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அம்மா ஒவ்வொரு இரவும் மாத்திரை போட்டதும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் உள்ள நாட்காட்டியில் ஒரு புள்ளி வைக்கிறார். "எலி மருந்துக்கு இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டுக்கொண்டேதான்.

கசிவு நின்று, ஆள் தேறி, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்டுக்கு மாற்றியபின் இன்னொரு முடிவு பாக்கி இருக்கிறது. உலோக வால்வு மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? மறுபடி எப்போது தொடங்குவது? சீக்கிரம் தொடங்கினால் மூளையில் மீண்டும் கசியலாம், தாமதித்தால் வால்வில் கட்டி பிடிக்கலாம். ஜெர்மனியில் இப்படிப்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசி 2018இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் தொடங்கியவர்களுக்கு இரத்தப்போக்கு கூடுதலாக இருந்தது. கட்டி பிடிக்கும் அபாயம் மிக அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் ஆறாம் நாளிலிருந்து யோசிக்கலாம் என்றார்கள். ஆறுக்கும் பதினாலுக்கும் நடுவில் எந்த நாள் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை. இதய மருத்துவர் ஒரு நாளைச் சொல்வார், நரம்பியல் மருத்துவர் வேறொரு நாளைச் சொல்வார். மருந்தாளுநர் அன்றைய ஐ.என்.ஆரை வாங்கிக்கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் நிற்பார்.